முதலில் பார்த்தவர்

என் மகன் கவின் முதன்முதலில் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு சோபாவிலிருந்து தொலைக்காட்சி மேசை வரைக்கும், மொத்தம் ஐந்து அடி. இதற்கு வீடியோ ஆதாரம் உண்டு. அதில் என் கணவர் போடுகிற சத்தத்தை மட்டும் கேட்டால் வீட்டுக்குள் கள்ளன் புகுந்துவிட்டான் என்றுதான் நினைப்பீர்கள். மத்தியானத்துக்குள் அந்த வீடியோ யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும்போது, பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கும் காட்டினேன். அவர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஐயோ, என்ரை குஞ்சு நடந்திட்டானோ! என்னட்டை ஒருநாளும் நடந்து காட்டேல்லையே, கள்ளன்!" என்றார். மூன்று தரம் போட்டுப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைக்கு ஆயுள் மூன்று நாள். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, மூன்றரை வயது மகள் ஆரணி புட்டை விரலால் அளைந்துகொண்டே சொன்னாள்.

"தம்பி பெரியம்மா வீட்டிலை எப்பவோ நடந்தவன்."

"எங்கை நடந்தவன்?"

"குசினிக்கு. போய் உருளைக்கிழங்கு எடுத்துக் கடிச்சவன். பெரியம்மா அழுதவ. பேந்து எனக்கு ரெண்டு பிஸ்கற் தந்து, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு சொன்னவ."

ஆரணியின் வாயை அடைக்க இரண்டு பிஸ்கட் எந்த மூலைக்கு? ஒரு முழுப் பெட்டி கொடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை வரைக்குமாவது தாங்கியிருக்கும்.

பிள்ளைகள் பெரியம்மா என்றும் நான் அக்கா என்றும் கூப்பிட்ட அந்தப் பெண், பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில், எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி, பாதி நிலத்துக்குள் புதைந்த பேஸ்மென்ட் வீடொன்றில் தனியாக இருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. வீட்டுக்குள்ளும் ஆம்பிளைகள் போடுகிற கம்பளித் தொப்பி ஒன்றைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டே திரிவார், அந்த வீட்டின் குளிர் அப்படி. ஆரணி என் வயிற்றில் இருக்கும்போதே கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகங்களில் பெயர் பதிந்து வைத்தோம். அவள் பிறந்து, பல்லு முளைத்து, தம்பியும் பிறந்த பிறகும் "காத்திருங்கள்" என்றே பதில் வந்துகொண்டிருந்தது. நான் செயின்ட்-லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கிற லொறிச் சாரதி. கவினுக்குப் பத்து மாதம், ஆரணிக்கு மூன்று வயது ஆனபோது இரண்டு பேரையும் அவரிடம் விட்டேன். நாலு வருடத்துக்கு மேல் அவர்தான் வளர்த்தார்.

நான் கோபக்காரி. என் பிள்ளையின் முதல் நடையை என்னிடமிருந்து ஒளித்தார் என்றதும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. வியாழக்கிழமை காலை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டேன்.

"அக்கா, இவன் இஞ்சை முதலே நடந்தவனாமே?"

"ஆர் சொன்னது?"

"ஆரணி."

"சின்னப்பிள்ளை, தங்கச்சி. கனவு கினவு கண்டிருப்பாள்."

ஆரணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் சொல்லை ஒருவர் மறுத்துப் பேசியது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். அக்கா அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கவினைத் தூக்கி, அவனுடைய தொப்பிக் கயிற்றை அவிழ்ப்பதிலேயே முழுக் கவனமாக நின்றார். பொய் சொல்லத் தெரியாத ஒருவர் பொய் சொன்னால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். எனக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் பஸ்ஸில் போகப் போகத்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் என்னிடம், "இந்தக் கிழமை இவன்ரை வாயைப் பாத்துக்கொண்டிருங்கோ, பல்லு வெளிக்கிடும்" என்றார். செவ்வாய்க்கிழமை பல் தெரிந்தது. இன்னொரு நாள், "இவன் இனி அம்மா எண்டு கூப்பிடுவான் போலை கிடக்கு, பின்னேரம் போனதும் கதை குடுத்துப் பாருங்கோ" என்றார். அன்று பின்னேரமே கூப்பிட்டான். ஆரணி மலசலப் பானையில் ஒழுங்காக இருக்கப்போகும் நாளைக்கூட முன்கூட்டிச் சொன்னார். என் கணவர் இதையெல்லாம் அவருடைய வாக்குப் பலிதம் என்று நம்பினார். "இஞ்சாரும், அவவிட்டை லொத்தருக்கு ஆறு நம்பர் கேட்டாலென்ன?" என்று ஒருநாள் மிகவும் அக்கறையாகக் கேட்டார். மனிதர் பகிடிக்குக் கேட்கவில்லை. நடந்து முடிந்ததை நடக்கப்போகிறது என்று சொல்கிறவரிடம் லொத்தர் நம்பர் கேட்டு என்ன பிரயோசனம்?

பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் முன்னறிவிப்புச் செய்வார், நான் ஆச்சரியப்படுவேன். இரண்டு பேரும் நன்றாகவே நடித்தோம்.

பிள்ளைகள் செய்கிற கூத்துகளைக் கேட்பதில் அவருக்கு இருந்த ஆசை எனக்கு முதலில் விளங்கவில்லை. பகல் முழுக்க அவர்தான் அந்தக் கூத்துக்குள் கிடந்து மாரடிக்கிறார். மாரி காலத்தில் இரண்டு பேருக்கும் பனி உடுப்பு, கையுறை, கழுத்துத்துணி, பூட்ஸ் எல்லாம் மாட்டி முடிக்க அரை மணித்தியாலம் ஆகும். கதவைத் திறக்கிற அந்த நொடியில் கவின், "பெரியம்மா, மூத்திரம்" என்பான். எல்லாவற்றையும் கழற்றுவார். கழற்றி முடித்ததும், "இல்லை, வரேல்லை" என்பான். ஒருநாள் ஒற்றைப் பூட்ஸைக் காணாமல் வீடு முழுக்கக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். அடுத்த கிழமை அரிசி வாளிக்குள் இருந்து அகப்பட்டது. அதுவரைக்கும் அந்த அரிசியில்தான் சோறு. எனக்கும் ஒரு டப்பாவில் போட்டுத் தந்திருந்தார்.

இவ்வளவு இருந்தும், பின்னேரம் நான் போனதும் கதவைத் திறந்தபடியே, "நேற்று வீட்டிலை என்ன செய்தவை, சொல்லுங்கோ" என்று பிடித்துக்கொள்வார். கீழ்வீட்டு ஹெயிட்டி அம்மாவின் கறுத்த நாய்க்கு ஆரணி விபூதி பூசிய கதையைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். நாய் வாலாட்டிக்கொண்டு நெற்றியைக் காட்டியது. ஆரணி மூன்று விரலால் வடிவாக மூன்று குறி இழுத்து, மிச்சத்தை அதன் வாயிலும் போட்டாள். அந்த அம்மா வந்து, நாய்க்கு உடம்பில் ஏதோ வியாதி என்று பதறி மிருக வைத்தியருக்கு ரெலிபோன் எடுக்கப் போனார். நான் மூன்று மாடி இரும்புப் படியால் ஓடி இறங்கி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விபூதியை விளக்கினேன். சாம்பல் என்றேன். யாருடைய சாம்பல் என்று கேட்டார். அக்கா இந்த இடத்தில் எப்பவும் நிலத்தில் இருந்துவிடுவார், தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேந்து, பேந்து?" என்பார்.

பிறகு ஒருநாள்தான் தெரிந்தது, இந்தக் கதைகளை அவர் சேர்த்து வைப்பது ரெலிபோனில் சொல்வதற்கு என்று. அவருக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவள் மகள், சின்னவன் மகன். ஊரில், தங்கை வீட்டில் வளர்ந்தார்கள். அவர் புறப்படும்போது மகளுக்கு மூன்று வயது, மகனுக்குப் பத்து மாதம். நான் என் பிள்ளைகளை அவர் வாசலில் கொண்டுபோய் விட்ட அதே வயது. நான் அதைக் கேட்டபோது அவருடைய மகனுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது.

"என்ரை சின்னவன் நடந்ததை எனக்குத் தங்கச்சிதான் ரெலிபோனிலை சொன்னவள்" என்றார். "எனக்கு முதல், பக்கத்து வீட்டுச் சனத்துக்கெல்லாம் தெரியும். ஆரும் சொல்லிக் கேக்கிறது வேறை, தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். உருளைக்கிழங்குக் கதையை அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருடைய கணவர் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். அவரைத் தேடி வந்தவர்கள் இவரையும் தேடத் தொடங்கியதும், தங்கை பிள்ளைகளை வாங்கிக்கொண்டு இவரை அனுப்பிவிட்டார். கூட்டிவந்த ஏஜென்ட் வழியில் சொல்லிக்கொடுத்திருக்கிறான்: "பிள்ளையளை விட்டிட்டு வந்தனான் எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டினம். தனி ஆள் எண்டு சொல்லு. பேந்து அவையளை வடிவா எடுக்கலாம்." இங்கே விமான நிலையத்தில் அதிகாரி, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார். இவர் இல்லை என்றார். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வரும்போது சொல்லாத பிள்ளைகளைப் பிறகு கூப்பிட முடியாது என்பது இங்கத்தைய சட்டம். எங்கள் சனத்தில் இந்தப் பிழையை விட்டவர்கள் எத்தனையோ பேர். ஏஜென்ட் என்ற அந்த நாய் எங்கோ நல்லாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்.

ஒரு வக்கீல், மனிதாபிமான அடிப்படையில் கடைசியாக ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். பிள்ளைகளுக்கு வயது கடந்துபோகும் முன் முடிவு வந்துவிட வேண்டும். அக்கா அந்த ஒன்றுக்காகவே உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. பிரெஞ்சில் வருகிற கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவருவார், நான் வாசித்துச் சொல்வேன். ரெலிபோன் வந்தால் அவருடைய பெயரில் நானே பேசுவேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு கதைப்பார். மகன் எப்போதும் கடைசியில் கேட்பான்: "அம்மா, முடிவு வந்துதோ?"

"இன்னும் இல்லையடா. வந்திடும்."

மகள் அதிகம் கதைக்க மாட்டாள். ஒருமுறை இவர் நாய்க்கு விபூதி பூசிய கதையைத் தொடங்க, அந்தப் பிள்ளை, "அம்மா, அந்தப் பிள்ளையளின்ரை கதை எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. நானும் பக்கத்தில் இருந்தேன். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, "ஓம் ஓம், நீ சொல்லு, என்ன கறி சமைச்சவை?" என்று கதையை மாற்றினார். அதற்குப் பிறகும் என்னிடம் கதை கேட்பதை நிறுத்தவில்லை. யாரிடமும் சொல்வதற்கில்லாமல் கேட்டார்.

கவினுக்கு நாலு வயது முடிந்த மாரியில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, நான் வேலையைப் பாதியில் விட்டு மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் குளியலறையில் அவனுக்கு உடம்பு துடைத்துக்கொண்டு இருந்தார். மேசையில் அவருடைய ரெலிபோன் அடித்தது. வழக்கம்போல எடுத்து, வழக்கம்போல, நான்தான் பேசுகிறேன் என்றேன். வக்கீல் அலுவலகத்துப் பெண். குரலில் சலிப்பு. உங்கள் கோப்பை மூடி ஒரு வருடத்துக்கு மேலாகிறது, உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இங்கேயே கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போங்கள், இதோடு மூன்று தடவை சொல்லிவிட்டோம் என்றாள்.

நான் ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவர் கவினைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போன மாரிக்கே வந்திட்டுது" என்றார். "இல்லையெண்டு போட்டினம்."

"என்னட்டை ஏன் கொண்டுவரேல்லை அக்கா?"

"இல்லை எண்ட சொல்லுக்குப் பிரெஞ்சு படிக்கவேணுமே, தங்கச்சி?"

"பிள்ளையளுக்கு?"

"அவளுக்கு ஏ.எல். சோதினை வருது. அது முடியட்டும் எண்டு இருந்தனான்."

"அது முடிஞ்சிட்டுதே?"

"இப்ப தம்பிக்கு ஓ.எல்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் வென்றது. அவர் அழவில்லை. கவினுக்குக் காலுறை போட்டுக்கொண்டு இருந்தார். போய்ப் பார்த்துவிட்டாவது வாங்கோ அக்கா என்றேன். போனால் பிடிபடலாம், திரும்பி வரவும் விடமாட்டார்கள், இங்கே உழைக்காவிட்டால் அங்கே அவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றார். எல்லாவற்றையும் முதலே யோசித்து முடித்து வைத்திருந்தார்.  ஒரு வருடமாக அவர் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை "வந்திடும்" என்று சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். குரலில் ஒரு சின்னப் பிசகும் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர் என்று நான் நினைத்த மனுஷி.

அடுத்த செப்டெம்பரில் கவின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். அக்காவிடம் விடப் பிள்ளைகள் இல்லை. நாங்கள்தான் அவரைத் தேவையில்லாதவர் ஆக்கினோம், அதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் உண்மை அதுதான். அவர் ரொறன்ரோவில் ஒரு வெதுப்பகத்தில் வேலை கிடைத்துப் போனார். போன கோடையில் ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தார். தொப்பி இல்லாமல், முன்பக்கம் நரைத்து இருந்தார். ஆரணிக்கு ஒன்பது முடிந்திருந்தது. "போன்ஜூர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். கவின் என் பின்னால் நின்று, "செ கி, மமோன்?" என்றான். யார் இது என்று கேட்கிறான் என்பதை விளங்கிக்கொள்ள அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு போதும்.

"கூச்சப்படுறான்" என்றார். "வளந்திட்டான் எல்லே."

நாலு வருடம் அவனுக்குச் சோறு ஊட்டிய கை மடியில் சும்மா கிடந்தது. எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் என்ன செய்வான்? கொஞ்ச நேரத்தில் கூச்சம் போனதும், வருகிற எல்லோருக்கும் காட்டுவதுபோல அவருக்கும் என் ரெலிபோனில் இருந்த வீடியோவைக் காட்டினான். "நான் முதல் முதல் நடந்தது" என்றான். ஆரணியும் வந்து எட்டிப் பார்த்தாள். உருளைக்கிழங்கு அவளுக்கும் மறந்துபோயிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தார். "ஐயோ, எப்பிடி வடிவா நடக்கிறீங்கள்!" என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன் எனக்கு ஊரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அக்காவின் மகள். இரண்டு நாளாக அம்மா ரெலிபோன் எடுக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். அம்மா எப்போதோ என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறார். அவர் வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துக் கேட்டேன். ரெலிபோன் உடைந்துவிட்டதாம், வேறொன்றும் இல்லை. திருப்பி எடுத்து மகளிடம் சொன்னேன். நிம்மதியாக மூச்சு விட்டாள். குரல் அப்படியே தாயின் குரல். ஆனால் ரெலிபோனை வைக்கவில்லை.

"அன்ரி, விண்ணப்பம் சரிவரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கும் தெரியும், அன்ரி. நான் ஏ.எல். எடுக்க முதலே வக்கீலுக்கு ஈமெயில் போட்டுக் கேட்டனான். தம்பிக்கும் சொல்லிப்போட்டன்."

"பேந்து ஏன் பிள்ளை ஒவ்வொரு சனியும் முடிவு வந்துதோ எண்டு கேக்கிறீங்கள்?"

"வேறை என்னத்தைக் கேக்கிறது, அன்ரி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மிகவும் சாதாரணமாகச் சொன்னாள். "அவ நாங்கள் என்ன சாப்பிட்டம் எண்டு கேப்பா. நாங்கள் அவ என்ன சாப்பிட்டவ எண்டு கேப்பம். அங்கை குளிரோ எண்டு கேப்பம். அதோடை முடிஞ்சிடும். முடிவு வந்துதோ எண்டு கேட்டால்தான் அவ ஒரு பத்து நிமிசம் கதைப்பா. வந்தால் எந்த அறையிலை படுக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் சொல்லுவா. அதுவும் இல்லாட்டி எங்களுக்கு அவவைத் தெரியாது, அன்ரி. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா புது ரெலிபோனிலிருந்து எடுத்தார். வெதுப்பகத்துச் சூடு தனக்கு நல்லாகப் பிடித்திருக்கிறது என்றார். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன், சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நேற்றும் தம்பி கேட்டவன், தங்கச்சி. பாவங்கள், இன்னும் நம்பிக்கொண்டு இருக்குதுகள். எப்பிடி அதுகளின்ரை மனசை உடைக்கிறது?"

"உடைக்காதேங்கோ அக்கா" என்றேன். "இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ."